ஐயா வாங்கிய மோரிஸ் மைனர்: செட்டிநாட்டுக் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பழைய காரை எழுப்பி ஓட்டிக் காட்டும் மெக்கானிக்குகள் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறார்கள். எழுப்பிய கார் அடுத்த வருஷமும் ஓட வேண்டுமானால் வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் சில விஷயங்களை முடிவு செய்துகொள்ள வேண்டும். அதைப் பேசுபவர்கள் குறைவு. கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் ஒரு குடும்பம் அதைச் செய்தது. வேலை நடந்த காலம் முழுவதும் அவர்களோடு இருந்தவன் என்ற முறையில், அவர்கள் சம்மதத்தோடு இதைப் பதிவு செய்கிறேன். பெயர்களும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

பின்னணி

முன் தெருவில் முகப்பும் பின் தெருவில் கடைசிக் கட்டும் உள்ள வழக்கமான பெரிய வீடு. பக்கவாட்டில் ஓடு போட்ட கார் கொட்டகை. அதில் நின்றது 1950-ஆம் வருஷத்து மோரிஸ் மைனர், இரண்டு கதவு வண்டி. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948-இல் இங்கிலாந்தில் அறிமுகமான கார் அது. இங்கே ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ‘பேபி ஹிந்துஸ்தான்’ என்று விற்றதும் இதே வண்டிதான். ஹெட்லைட் இரண்டும் மட்காடில் இல்லாமல் கீழே கிரில்லோடு சேர்ந்து இருப்பது ஆரம்பகால வண்டிகளின் அடையாளம்.

மலேயாவில் கொடுக்கல் வாங்கல் செய்து திரும்பிய பெரியவர் ஒருவர் இதைச் சென்னையில் இரண்டாம் கையாக வாங்கினார். அவர் காலமான பிறகு சில வருஷம் ஓடியது. டிரைவரும் ஓய்வு பெற்றதும் நின்றுவிட்டது. அந்த டிரைவர் போகும்போது சக்கரங்களைக் கழற்றி, வண்டியைச் செங்கல் மேல் ஏற்றி, என்ஜினில் ஸ்பார்க் பிளக் வழியாக எண்ணெய் ஊற்றி வைத்திருந்தார். பின்னால் என்ஜினைக் காப்பாற்றியது அதுதான்.

பெரியவருக்கு மூன்று மகன்கள், இரண்டு மகள்கள். இப்போது அவர்கள் பிள்ளைகளையும் சேர்த்தால் சென்னை, கோயம்புத்தூர், சிங்கப்பூர் என்று பல புள்ளிகள், அதாவது தனித்தனிக் குடும்பங்கள். வீடு எல்லாருக்கும் பொது, காரும் பொது. பொதுச் சொத்து செட்டிநாட்டில் எப்படிச் சிதைகிறது என்பது பூட்டிக் கிடக்கும் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். விற்க ஒருவர் சம்மதிக்க மாட்டார். செலவு செய்ய இன்னொருவர் தயங்குவார். ஓட்டில் ஒழுக்கு விழுந்தால் யார் மாற்றுவது என்ற கேள்வியிலேயே உத்தரம் உளுத்துப் போகும். இந்தக் காரும் முப்பது வருஷம் அப்படித்தான் நின்றது.

2022-இல் முன்னோர்களுக்குப் படையலிடும் படைப்புக்கு எல்லாரும் ஊருக்கு வந்திருந்தபோது, மூத்த மகனின் (இனி மூத்தவர்) பேத்தி கொட்டகையைத் திறந்து பார்த்துவிட்டு, “ஐயா, இது ஓடுமா?” என்று கேட்டாள். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. அன்று மாலையே வீட்டின் கூடமான பட்டாலையில் பங்காளிகள் உட்கார்ந்து பேசினார்கள்.

முதலில் கண்டது

காரைக்குடியிலிருந்து ஒரு மூத்த மெக்கானிக் வந்தார். எல்லாரும் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். அம்பாசிடருக்கு முந்தைய வண்டிகளில் கை வைத்துப் பழகியவர். அவர் என்ஜினைத் தொடவே இல்லை. தரை விரிப்பைத் தூக்கச் சொன்னார். டிரைவர் காலடியில் ஒரு சின்ன மூடி இருந்தது. அதைத் திறந்தால் கீழே, சேசிஸ் சட்டத்துக்குள் பிரேக் மாஸ்டர் சிலிண்டர்; மிதியின் அழுத்தத்தை எண்ணெய் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்புவது அதுதான். இந்த வண்டியில் அது பானெட்டுக்குள் இருக்காது. மூடிக்குள் எண்ணெய் இருந்த இடத்தில் பழுப்புக் களிம்புதான் இருந்தது.

“என்ஜின் ஓடலேன்னா வண்டி நிக்கும், அவ்வளவுதான். பிரேக் இல்லேன்னா நிக்காது. இதை முடிச்சுட்டு அதுக்குப் போவோம்” என்றார். அந்த வரிசையைக் கடைசிவரை அவர் மாற்றவில்லை.

மற்றவை: சீட்டின் தேங்காய் நாரில் எலிக் கூடு. துணி சுற்றிய ஒயரிங் பாதி கடிபட்டிருந்தது. பெட்ரோல் டேங்கில் துரு. டயர்களில் வெடிப்பு விழுந்திருந்தது. தகரம் மட்டும் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. உப்புக்காற்று இல்லாத வறண்ட செம்மண் பூமி என்பதால் தரைத் தகடு துளை விழாமல் தப்பியிருந்தது.

பம்பரில் ஒரு சங்கதி. முன் பம்பரின் நடுவில் ஒட்டுப் போட்டதுபோல் ஒரு பட்டி இருந்தது. பெயின்டர் அதை விபத்தில் ஒடிந்து சேர்த்தது என்று நினைத்து, வெல்டிங் வைத்துத் தேய்த்துவிடலாம் என்றார். உண்மையில் அது தொழிற்சாலையில் வந்தது. உற்பத்தி தொடங்கும் தறுவாயில் இசிகோனிஸ் வண்டியை நான்கு அங்குலம் அகலப்படுத்தினார். முன்பே செய்து அடுக்கியிருந்த பம்பர்களை நடுவில் வெட்டி, இடையில் பட்டி வைத்துப் பொருத்தினார்கள். பானெட்டின் நடுவில் ஓடும் தட்டையான பட்டையும் அந்த நான்கு அங்குலம்தான். அன்று தேய்த்திருந்தால் வண்டியின் பிறப்புச் சான்றே அழிந்திருக்கும். பேத்தி அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கி, கழற்றும் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக் குறித்து வைக்க ஆரம்பித்தாள்.

யார் பெயரில் என்ற முடிவு

ஆர்.சி. புத்தகம் உள்முற்றத்தைச் சுற்றிய வளவு அறை ஒன்றில், இரும்புப் பெட்டியில் கிடைத்தது. பெயர் காலமானவருடையது. உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் வாரிசு பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும் என்பது விதி. இங்கே காலக்கெடு எப்போதோ தாண்டிவிட்டது. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லை என்ற கடிதங்கள், தாமதத்துக்கான விளக்கம் என்று ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டியிருந்தது. சிங்கப்பூரிலிருந்து ஒரு கையெழுத்து வந்து சேரவே பல மாதங்கள் ஆயின.

எந்த ஒருவர் பெயரில் என்பதில்தான் மனத்தாங்கல் வந்தது. தம்பி வீட்டில் ஒருவர், “பெயர் போயிட்டா வண்டியும் போயிட்ட மாதிரிதானே அண்ணே” என்று நேராகவே கேட்டார். மூத்தவர் பதில் சொல்ல ஒரு நாள் எடுத்துக்கொண்டார். பிறகு ஒரு தாளில் எழுதினார்: பெயர் ஊரில் இருப்பவர் பேரில் இருக்கும், விற்பதானால் எல்லாப் புள்ளிகளும் கையெழுத்துப் போட வேண்டும், செலவுக்குப் பணம் தருவது அவரவர் விருப்பம், தந்தாலும் தராவிட்டாலும் ஊருக்கு வரும் யாரும் வண்டியில் உட்காரலாம், ஓட்டுவதற்கு மட்டும் பழக்கம் பெற்றிருக்க வேண்டும். கடைசி இரண்டு வரிகளும்தான் பேச்சை முடித்தன. இந்த ஒரு தாளைப் பிரேக் வேலைக்கு நிகராக மதிக்கிறேன். இது இல்லாமல் பட்டறை வேலை எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் வண்டி மறுபடி கொட்டகைக்குள்தான் போயிருக்கும்.

அடுத்த கேள்வி, எந்த வகைப் பதிவு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் பழமை வாகனங்களுக்கென்று தனிப் பிரிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய, சேசிஸும் பாடியும் என்ஜினும் பெரிதாக மாற்றப்படாத சொந்த உபயோக வண்டிகளுக்கு அது பொருந்தும். புதிய பதிவுக்கு ரூ. 20,000, மறுபதிவுக்கு ரூ. 5,000. பதிவு 10 வருஷம் செல்லும். புதிதாகப் பதிபவர்களுக்கு எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும்; பழைய எண் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட உபயோகத்துக்கு எடுக்கக் கூடாது. கண்காட்சி, பழைய கார் பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் இறக்கலாம்.

இந்தக் குடும்பத்துக்குப் பேரணிக்குப் போகும் எண்ணம் இல்லை. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஆத்தங்குடி, பள்ளத்தூர் என்று ஊர் சுற்ற வேண்டும்; கோயிலுக்குப் போக வேண்டும். எனவே சாதாரணப் பதிவையே புதுப்பித்து, தகுதிச் சோதனைக்கு வண்டியைக் காட்டி, வழக்கமான இன்ஷூரன்ஸ் எடுப்பது என்று முடிவு செய்தார்கள். அலைச்சல் அதிகம்தான். வண்டியை எதற்கு வைத்திருக்கிறோம் என்று முதலில் கேட்டுவிட்டுப் பதிவைத் தேர்ந்தெடுத்தது சரியான முறை.

பட்டறை வேலை

பிரேக் முதலில். மாஸ்டர் சிலிண்டரின் உள்சுவரில் துரு குழி விழுந்திருந்தது. லேத்தில் கொடுத்து உள்ளே புது உருளை (ஸ்லீவ்) போட்டார்கள். வீல் சிலிண்டர்கள், ரப்பர் கிட், ஓஸ் (ரப்பர் குழாய்) எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தார்கள். மோரிஸ் மைனருக்கு அங்கே இன்னும் புது உதிரிப் பாகம் கிடைப்பது பெரிய ஆறுதல். இந்தக் கார்களில் பிரேக் லைன் ஒன்றுதான். இன்றைய கார்கள்போல இரண்டாகப் பிரிந்திருக்காது. ஒரு சக்கரத்தில் ஒழுகினால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போகும். அதனால் பழைய செப்புக் குழாய் ஒன்றையும் பாய் விட்டுவைக்கவில்லை.

அடுத்தது முன் சக்கரம். மோரிஸ் மைனரில் முன் சக்கரம் திரும்புவதற்கான அச்சுக் கம்பியான கிங் பின், அதைத் தாங்கும் மரை போட்ட டிரனியனில் திருகி உட்கார்ந்திருக்கும். கிரீஸ் இல்லாமல் ஓடினால் அந்த மரை தேய்ந்து, ஒரு நாள் கீழ் முனை கழன்று சக்கரம் மட்காடுக்குள் மடங்கிவிடும். இந்த மாடலுக்கே உரிய பேர்போன கோளாறு. ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டியபோது இடது பக்கம் ‘கடக்’ என்று விளையாடியது. கழற்றினால், கூர்மையாக இருக்க வேண்டிய மரை அலை அலையாக மழுங்கியிருந்தது. இரு பக்கமும் மாற்றினார்கள்.

என்ஜின் 918 சி.சி. சைடு வால்வு. டிரைவர் ஊற்றிய எண்ணெய் புண்ணியத்தில் சிக்காமல் சுற்றியது. முதல் ஸ்டார்ட் கைப்பிடியால்தான். கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்துக் கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது, திருப்பி அடித்தால் விரல் ஒடியும் என்று பாய் மூன்று தலைமுறையையும் வரிசையாக நிற்க வைத்துப் பழக்கினார்.

பேட்டரியில் ஒரு தடங்கல். இந்த வண்டியில் பிளஸ்தான் எர்த், அதாவது பாடியோடு சேர்வது. கோயம்புத்தூரிலிருந்து வந்த இளைஞர் ஒருவர் இன்றைய பழக்கத்தில் மைனஸை பாடிக்குக் கொடுத்துவிட்டார். டைனமோ சார்ஜ் ஏறாமல் நின்றது. பாய் அதைச் சரிசெய்தார். பேட்டரிக்கு மேலே ‘பிளஸ் எர்த்’ என்று தமிழில் எழுதிய தகரம் ஒன்று இப்போது இருக்கிறது.

பெயின்ட் பற்றிப் பேச்சு நீண்டது. கறுப்பு என்றார்கள், மெரூன் என்றார்கள். கடைசியில் அடிக்கவே வேண்டாம் என்று விட்டார்கள். பாலீஷ் மட்டும். அந்தப் பணம் ஒயரிங்குக்கும் டயருக்கும் போனது. எனக்கு அதில் முழு உடன்பாடு.

திருமயம் போய் வந்தது

2023 பங்குனியில் முதல் வெளியூர் ஓட்டம். நெடுஞ்சாலையில் போகிறவர்கள் நின்று கும்பிட்டுப் போகும் திருமயம் கோட்டை பைரவர்தான் இலக்கு. ஓட்டியது மூத்தவரின் மருமகள். முதல் கியருக்கு இந்த வண்டியில் சின்க்ரோமெஷ், அதாவது கியர் உரசாமல் சேர உதவும் அமைப்பு, இல்லை. வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போட வேண்டும், இல்லையென்றால் இரட்டைக் கிளட்ச், அதாவது நடுவில் நியூட்ரலில் விட்டுக் கிளட்சை இரண்டு தரம் மிதிப்பது. குடும்பத்தில் அதை முதலில் கையில் பிடித்தவர் அவர்தான். போகும்போது ஒரு குறையும் இல்லை.

கும்பிட்டுவிட்டு அரைமணி கழித்துக் கிளம்பியபோது, சிறிது தூரத்தில் என்ஜின் இருமி நின்றது. பானெட்டைத் திறந்தால் எஸ்.யு. பெட்ரோல் பம்ப் விடாமல் ‘டிக்டிக்டிக்’ என்று அடித்துக்கொண்டிருந்தது. அது மின்சாரப் பம்ப். கார்பரேட்டர் நிறைந்ததும் நிற்க வேண்டும், பிறகு எப்போதாவது ஒரு ‘டிக்’. நிற்காமல் அடித்தால் பெட்ரோலுக்குப் பதில் காற்றையோ ஆவியையோ இழுக்கிறது என்று பொருள். நின்ற வண்டியில் காற்றோட்டம் இல்லாமல் என்ஜின் சூடு பம்புக்கு ஏறி, லைனில் பெட்ரோல் ஆவியாகியிருந்தது. ஈரத் துணியைச் சுற்றி, புளிய மர நிழலில் காத்திருந்து, மெல்லத் திரும்பினார்கள்.

வீட்டில் கழற்றிப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. டேங்கிலிருந்து வரும் பழைய ரப்பர் ஓஸ் உப்பிப் பிசுபிசுத்திருந்தது. இன்றைய பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. அது அந்தக் காலத்து ரப்பரை ஊற வைத்துக் கெடுக்கும். ஈரத்தை இழுத்து டேங்கில் துருவும் பிடிக்க வைக்கும். எத்தனால் தாங்கும் ஓஸ், பம்புக்குப் புது டயாஃப்ரம், எக்ஸாஸ்ட் பக்கம் சூடு மறைக்கும் தகடு ஆகியவை போடப்பட்டன. ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்று தெரிந்தால் டேங்கை வடித்துவிடுவது என்றும் வழக்கம் வைத்தார்கள்.

கல்யாணத்துக்கு எடுக்க மறுத்தது

அந்த வருஷம் ஆவணியில் தம்பி வீட்டில் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு ஐயாவின் கார்தான் வர வேண்டும் என்று எல்லாரும் ஆசைப்பட்டார்கள். நியாயமான ஆசைதான். அந்தக் காரிலேயே அழைத்துவரப்பட்டவர்கள் இருவர் அதே வீட்டில் இருந்தார்கள்.

பாய் வேண்டாம் என்றார். இந்த என்ஜினில் வாட்டர் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலே ஏறி, ரேடியேட்டரில் குளிர்ந்து கீழே இறங்கும் ஏற்பாடு. வண்டி ஓடும்போது காற்று அடித்து அது சரியாக நடக்கும். நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஆள் நடக்கும் வேகத்தில், பூச்சரம் கிரில்லை மறைக்க, ஒரு மணி நேரம் ஊர்ந்தால் தண்ணீர் கொதித்துவிடும். கிளட்சை அரைவாசி மிதித்தபடியே போக வேண்டியிருக்கும். சுற்றிலும் சிறுபிள்ளைகள் ஓடுவார்கள். இன்னொரு காரணத்தை மருமகள் சொன்னார்: கல்யாண நெரிசலில் அவரவர் ஒரு தரம் ஓட்டிப் பார்க்கக் கேட்பார்கள், யாருக்கும் இல்லை என்று சொல்ல முடியாது.

மூத்தவர் மறுத்தார். கார் முகப்புக்கு எதிரே வாழை மரத்துக்கும் தோரணத்துக்கும் நடுவில் நின்றது. மாப்பிள்ளையும் பெண்ணும் அதன் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். தம்பி வீட்டுப் பெரியவருக்குக் கோபம். அவர் அதன் பிறகு செலவுக்குப் பணம் தரவில்லை. தாளில் எழுதியபடி அவர் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் வண்டியில் ஏறுகிறார்கள். ஆனால் அந்த மனவருத்தம் முழுதாகத் தீரவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

பிறகு

மாதம் இரண்டு மூன்று காலைகளில், வெயில் ஏறுவதற்கு முன், வண்டி ஊர்ச் சாலைகளில் ஓடுகிறது. வேகம் 50 கிலோமீட்டருக்குள். நெடுஞ்சாலையைக் குறுக்கே கடப்பதோடு சரி. திரும்புவதற்குக் கதவுத் தூணிலிருந்து வெளியே நீட்டும் பழைய கைகாட்டி, பின்னால் வரும் பைக்காரர்களுக்குப் புரியவில்லை. கைச் சைகையும் சேர்த்துக் காட்டுகிறார்கள்.

வேலை பிரிந்திருக்கிறது. மருமகள் ஓட்டுகிறார். மூத்தவர் கிரீஸ் கன் பிடிக்கிறார். முன் பக்கம் கிரீஸ் ஏற்றும் நிப்பிள்களுக்கு 500 கிலோமீட்டருக்கு ஒரு தரம், ஓடாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு தரம். அப்பத்தா சீட்டு உறைகளைத் தைத்தார். பேத்தியின் நோட்டு, பழைய வட்டிக்கடைப் பேரேடுபோல, தேதி, கிலோமீட்டர், ஊற்றியது, ஒழுகியது என்று பத்தி பிரித்து நிறைந்திருக்கிறது. 2024 ஆடியில் பின் சக்கரத்தின் உள்பக்கம் உள்ளங்கை அளவு ஈரத்தைக் கண்டுபிடித்தவள் அவள்தான். விரலால் தொட்டு, “ஐயா, இது கியர் ஆயில் வாசனை இல்லை” என்றாள். வீல் சிலிண்டர் ரப்பர் ஒழுக ஆரம்பித்திருந்தது. அடுத்த நாள் பிள்ளையார்பட்டி போவதாக இருந்தார்கள். ஒற்றை லைன் பிரேக்கில் அந்த ஈரத்துக்கு என்ன அர்த்தம் என்று மேலே சொல்லியிருக்கிறேன். பயணம் தள்ளிப்போனது.

மாற்ற வேண்டியவை

குடும்பத்தாரைக் கேட்டபோது மூத்தவர் சொன்னது, காகித வேலையைப் பட்டறை வேலைக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது. வண்டி தயாரான பிறகும் கையெழுத்துக்காகக் கொட்டகையில் நின்றது. மருமகள், பெட்ரோல் லைன் ரப்பரைத் திருமயம் போகும் முன்பே மாற்றியிருக்கலாம் என்கிறார். கல்யாணம் போன்ற விசேஷங்களுக்கு வண்டி வராது என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதியிருந்தால் தம்பி வீட்டில் வருத்தம் வந்திருக்காது என்பது இருவரும் சொன்னது.

என் பங்குக்கு ஒன்று. வண்டியில் சீட் பெல்ட் கிடையாது, அதை மாட்டுவதற்கான பலமான இடமும் இல்லை. இரண்டு கதவு என்பதால் பின்னால் இருக்கும் பிள்ளைகள் முன் சீட்டை மடக்கித்தான் இறங்க முடியும். இப்போது பிள்ளைகளை முன்னால் உட்கார வைப்பதில்லை, பின்னால் இரண்டு பேருக்கு மேல் ஏற்றுவதும் இல்லை. இது போதாது என்று நினைக்கிறேன். தரைத் தகட்டில் வலுவூட்டும் தகடு வைத்து, பின் சீட்டுக்கு இடுப்பு பெல்ட்டாவது போட வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ஒரிஜினல் கெடும் என்று பாய் தயங்குகிறார். அடுத்த படைப்புக்கு எல்லாரும் வரும்போது பேசி முடிவு செய்வதாக இருக்கிறார்கள்.